வாத்தியாரின் கடைசல் மெஷின்

சேசு மரி சூசை துணை

றொசல்ல, இலங்கை,
9.7.1965

திருச்சியில் இருக்கும் அன்புள்ள யேசுரட்ணம் அண்ணனுக்கு, தங்கை மரியநாயகி தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. பாஸ்போட் எடுத்தாயிற்றா, சாமான் கட்டியாயிற்றா, ஆவணிக்குள் தலைமன்னாரில் கப்பல் ஏறுவீர்களா என்று கேட்டிருந்தீர்கள். பதில் பிந்தியதற்கு இவர்தான் காரணம். உங்கள் மச்சானுக்குப் புத்தி பிசகிவிட்டது.

தோட்டத்துச் சின்னத்துரை சீமைக்குப் போய்விட்டார். பொழுதுபோக்குக்காக அவர் பங்களாவில் வைத்திருந்த இரும்பு கடையும் மெஷின் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. காலால் மிதித்தால் இரும்புத் துண்டு சுற்றும், உளியைக் கிட்டே கொண்டுபோனால் சீவும். லேத்து என்கிறார்கள். இவர் கேட்டு வாங்கி, ஆறு பேரை வைத்துத் தூக்கி வந்து விறகுக் கொட்டிலில் இறக்கினார். விறகு இப்போது என் அடுப்படியில். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் சோக்கட்டி பிடித்த கை, சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்கிற கை. அதற்கு லேத்து கேட்கிறது.

வீடு மந்திரிக்கிறது போல இதையும் மந்திரிக்க வேண்டுமென்று சுவாமியாரைக் கூட்டி வந்தார். அவரும் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். தீர்த்தத்தைத் துடைப்பது பாவம் என்று இவர் அப்படியே சாக்குப் போட்டு மூடினார். இந்த மூடுபனியில் கேட்கவா வேண்டும்? மறுநாள் காலையில் மெஷின் முழுக்கத் துரு. துரை பத்து வருஷம் எண்ணெய் போட்டுப் பார்த்த இரும்பை ஒரே நாளில் ஆசீர்வதித்துக் கெடுத்தவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். பிறகு ஒரு வாரம் மண்ணெண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். எல்லாம் என் அடுப்படிச் சாம்பல்.

கடையத் தொடங்கிய அன்று, இரும்புத் துண்டை இறுக்கும் சாவியைக் கழற்ற மறந்து மிதித்தார். அது பறந்து வந்து என் இட்லிச் சட்டியை நசுக்கியது. தேயிலை ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கும் வீரய்யா வந்து பார்த்தார். "வாத்தியாரய்யா, உளி கீழ எறங்கி நிக்குதுங்க, நடு மட்டத்துக்கு ஏத்துங்க. அதட்டுனா கேக்குறதுக்கு இது நாலாம் வகுப்பு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கோ மேசை ஆடுகிறதாம், அதனால்தான் வெட்டு கோணுகிறதாம். கனத்த பலகை தேடினார். நீங்கள் சொன்னபடி கப்பலுக்கென்று தகரப் பட்டி அடித்து வைத்திருந்த இரண்டு பெட்டிகளும் இப்போது அந்த மேசையாகிவிட்டன. சாமான் கட்டியாயிற்றா என்று கேட்டதற்கு இதுதான் பதில்.

மூன்று மாதத்துச் சனி ஞாயிறு எல்லாம் போட்டு இவர் செய்த முதல் சாமான் ஒரு தாழ்ப்பாள். ஹட்டனில் கேட்டால் கடைக்காரன் காகிதத்தில் சுற்றித் தருவான். இவருடையது உலக்கைப் பருமன், தள்ள இரண்டு கை வேண்டும். அதை முன்கதவில் மாட்டிவிட்டு, கோவில் கட்டி முடித்தவர் போலத் தள்ளி நின்று பார்க்கிறார்.

பதினொரு வருஷமாக அந்தக் கதவைக் கயிற்றால்தான் கட்டினோம். கம்பனி வீடு, இன்றைக்கோ நாளைக்கோ போகிறவர்கள், நமக்கு எதற்குத் தாழ்ப்பாள் என்று இருந்துவிட்டோம். ஆனி ஆடிக் காற்றில் கயிறு அறுந்து கதவு அடித்துக்கொள்ளும், நான்தான் எழுந்து கட்டுவேன். இந்த வருஷக் காற்றும் மூன்று நாளாக வீசுகிறது. கதவு அசையவில்லை. விட்டுப்போகிற வீட்டுக்கு எவனாவது தாழ்ப்பாள் செய்வானா என்று இவரைக் கேட்டேன். "செய்யமாட்டான்" என்று சொல்லிவிட்டு உளி தீட்டப் போய்விட்டார். போக விருப்பமில்லை என்று வாய்திறந்து சொல்லக்கூடத் தைரியமில்லாத மனுஷன்.

ஆகையால் நான் எழுதுகிறேன். பாலக்கரையில் எங்களுக்காகப் பார்த்து வைத்த வீட்டை வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள், அண்ணா. பிரஜாவுரிமை மனுவுக்குப் பதில் இல்லை, இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தமும் போட்டாயிற்று, எப்படியும் ஏற்றி அனுப்பத்தான் போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அப்படி வருகிறவர்கள் வந்து கதவைத் தட்டட்டும்.

இவர்மேல் கோபப்படாதீர்கள். அதற்கு நான் இருக்கிறேன். உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. பெட்டியைப் பிரிக்கத் தெரியாமல் பலகையைப் பிளக்கப் பார்த்தார். இவர் கையிலிருந்த குறட்டைப் பிடுங்கி, ஆணி ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தது நான்தான்.

அண்ணியையும் பிள்ளைகளையும் மாதா காக்கட்டும். எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள், தீர்த்தம் மட்டும் வேண்டாம். இந்தப் பக்கம் யாராவது வந்தால் நல்ல அரம் ஒன்று கொடுத்தனுப்புங்கள். அடுப்படி ஜன்னலுக்குக் கொக்கி செய்யச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கை,
மரியநாயகி இக்னேசியஸ்