ரொட்டிக்கு விட்ட பக்கம்

தெல்தோட்டை
3.11.2024

குவைத் மகாராணி நிஷாந்திக்கு,

நானும் லோஜினியும் சுகம். வெள்ளிக்கிழமை உன் மேடம் போனைத் தரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மகளே வாய் மூடுவதில்லை. புருசனுக்கு எங்கே முறை? அதனால்தான் காகிதம். பிழையைப் பொறுத்துக்கொள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை மன்னித்து விட்டுவிட்டது.

நம் தேயிலைத் தோட்டத்து மாதர் சங்கம் சமையல் புத்தகம் போடுகிறது. சுதர்சினி டீச்சர் லயம் லயமாக ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து, "வீட்டுல நெசமா என்ன சமைக்கிறீங்களோ அதை மட்டும் எழுதுங்க" என்கிறார். பாதி வீட்டில் "பாக்கெட்டைப் பிரிக்கவும்" என்றுதான் ஆரம்பம். நூடில்ஸ், சொசேஜஸ், சூப் கட்டி. பக்கத்து வீட்டு சந்திரகுமார் எழுதியது: "கொத்துரொட்டி. ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போகவும்."

நான் உன் பேரில் கோதுமை மா ரொட்டியும், தொட்டுக்கொள்ள மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் கொடுத்திருக்கிறேன். அளவுதான் தெரியாது. நான் சுட்டால் லோஜினி "பஸ் டயர்" என்கிறாள். அளவை எழுதி அனுப்பு.

உன் சமையல்காரன்,
லெட்சுமணன்


குவைத்
20.11.2024

லோஜினி அப்பாவுக்கு,

நான் சிரித்த சிரிப்பில் மேடம் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். ஆனாலும் உங்களுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லையா? மற்றவர்கள் பிரியாணி, கேக் என்று கொடுக்க, என் பேரில் மா ரொட்டியா? கொழுந்து எடுக்கப் போகையில் துணியில் கட்டிக்கொண்டு போனதை அச்சடித்து ஊருக்குக் காட்டணுமா? வெட்டிப் போடுங்க.

இங்கே நான் தினம் சமைக்கிற மச்பூஸ் சோற்றைக் கொடுங்க. கோழியை அவித்து, அந்தத் தண்ணீரிலேயே அரிசியை வேகவிட்டு, காய்ந்த எலுமிச்சையைக் குத்திப் போடணும். மிச்சத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ரொட்டி தட்டி நாலு வருசமாச்சு.

இன்னொன்று. பெப்ரவரியோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருசம் இருக்கச் சொல்கிறார் மேடம். வருசம் முடிவதற்குள் பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?

நிஷாந்தி


தெல்தோட்டை
9.12.2024

அரபு நாட்டுச் சமையல் ராணிக்கு,

அக்குறணைக்கு லொறியில் மரக்கறி இறக்கப் போனபோது ஹுஸைன் நானா கடையில் காய்ந்த எலுமிச்சை கேட்டேன். "என்ன லெட்சுமணன், ஷேக் ஆகிட்டீங்களா?" என்றார். ஆகிவிட்டேன். உன் மச்பூஸைச் சமைத்தேன். லோஜினி இரண்டு கோப்பை சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டு, "இதத்தான் அம்மா அந்த வீட்டுப் புள்ளைகளுக்கு ஊட்டுறாங்களா?" என்று கேட்டாள். நான் பானை கழுவப் போய்விட்டேன்.

டீச்சரிடம் கொடுத்தால், "இதை ஒங்க வீட்டுல யாரு சமைச்சது?" என்றார்.

"நான்தான்."

"அப்ப எப்படி நிஷாந்தி பேரைப் போடுறது? ரொட்டியும் அப்படித்தானே? அவங்க இப்ப இங்க சுடலையே."



நீ கேட்டதற்கு வருகிறேன். இரு என்று எழுதப் பேனா ஓடவில்லை. வா என்று எழுதினால், சமையலுக்கு ஆள் தேடுகிறேன் என்று நினைப்பாய். அதனால் ஒன்று மட்டும் எழுதுகிறேன்: மார்ச் வரை ஒரு பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லி டீச்சரிடம் கெஞ்சியிருக்கிறேன்.

லெட்சுமணன்


குவைத்
26.12.2024

என்னங்க,

லோஜினி கேட்டதை வாசித்த அன்றைக்கு, இந்த வீட்டுச் சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

மேடத்திடம் முடியாது என்று சொல்லியாச்சு. முதலில் முகம் சுருங்கியது. பிறகு அவரே காய்ந்த எலுமிச்சை ஒரு பை கட்டிக் கொடுத்தார், ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லி.

மச்பூஸை உங்க பேரில் கொடுங்க. நம் வீட்டில் அதைச் சமைத்தது நீங்கதான். வெறும் பக்கம் எனக்கு.

நேற்று இங்கே ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு ரொட்டி தட்டிச் சுட்டேன். மகளிடம் சொல்லிவிடாதீங்க. டயரேதான். மார்ச்சுக்குள் அங்கே வந்து சரிப்படுத்துகிறேன். அதுவரை டீச்சரைப் பிடித்து வையுங்க.

நிஷாந்தி