அவரைப் பந்தலுக்குச் சோப்புத் தண்ணி

1997 ஜனவரி 3, வெள்ளி
முதல் வெள்ளிப் பூசைக்குப் போனேன். மனசு அங்க இல்ல, பந்தல்லயே நின்னுச்சு. அவரைப் பூவெல்லாம் அசுவினிப் பூச்சி மொய்ச்சுக் கருப்பாக் கெடக்கு. முதல் பறிப்பு மாதாவுக்குன்னு நேந்திருக்கேன், மகன் எல்வினுக்குக் குவைத்துல வேலை கெடைச்சதுக்கு. இவர் என்னடான்னா வயலுக்கு அடிக்கிற மருந்தத் தூக்கிட்டு வர்றாரு. மாதாவுக்கு வெசத்தையா படைக்கிறது?

பக்கத்து வீட்டு ஹமீதா பானு வேலிக்கு அந்தாண்ட நின்னு சொன்னா: "அக்கா, துணி சோப்பச் சீவி ஒரு வாளித் தண்ணில கரைங்க. ஒரு கரண்டி வேப்பெண்ணெய். வெயில் சாஞ்சப்புறம் இலைக்கு அடியில தெளிங்க. எங்க வெண்டை அப்புடித்தான் பொழச்சுது."

ஜன. 4
தெளிச்சாச்சு. மூடியில ஓட்டை போட்ட பாட்டில்தான். மூணு தரம் எட்டிப் பாத்துட்டேன்.

ஜன. 7
இலை ஓரமெல்லாம் கருகிடுச்சு! பூ பொத்து பொத்துன்னு உதிருது. மாதாவே! வேலிகிட்ட நின்னு கத்திட்டேன் - "உன் பேச்சக் கேட்டேன் பாரு, என் நேத்திக்கடனையே அழிச்சுட்டியே!" அவ குடத்த எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

எல்வினுக்கு அந்த வேலைய வாங்கிக் குடுத்ததே அவ வீட்டுக்காரர் ஜலீல் பாய். அங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்காங்க. எனக்கு இருக்கிறது வாயா, வாய்க்கா மடையா?

ஜன. 10
"என்னதான்டி கலந்த?"ன்னு இவர் கேட்டாரு. சோப்பு, வேப்பெண்ணெய், அப்புறம் - வேளாங்கண்ணியில மந்திரிச்சு வாங்கின உப்பு, ரெண்டு கை. பலமா இருக்கட்டுமேன்னு நானாத்தான் போட்டேன்.

"அடியே, கடல் தண்ணி ஏறின நெலத்துல புல்லு மொளைக்குமா?"

விவசாயி பொண்டாட்டி, எனக்கு ஏன் தோணல? மந்திரிச்சுட்டா உப்பு உப்பா இருக்காதுன்னு நெனச்சேனோ?

ஜன. 12, ஞாயிறு
ரெண்டு தரம் வேலி வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டேன். நான் பேசாத பேச்சா? இந்த ஒரு வார்த்தை வரமாட்டேங்குது.

ஜன. 14
பொங்கலும் அதுவுமா அவ வாசல்ல போய் நின்னுட்டேன். "தப்பு என் பேர்லதான் ஹமீதா. உப்பப் போட்டது நான்."

"உப்பா? பேசாம ஊறுகாயே போட்டிருக்கலாமே அக்கா." சொன்னாளே தவிர சிரிக்கல.

அடியில புதுத் துளிர் வந்திருக்கு, அதுலயும் அசுவினி. சாயங்காலம் திரும்பக் கரைச்சேன். அவளே பாட்டிலோட வந்து நின்னா.

"என்ன கலந்தீங்க?"

"சோப்பு, எண்ணெய். மாதா மேல சத்தியம்."

நம்பல. "எனக்கு நோன்பு. நீங்க நக்கிப் பாருங்க."

நக்கினேன். கொப்பளிக்கக் கொப்பளிக்க நுரையா வருது. முதல் பறிப்புக்கு மாதா இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கணும். நான் வாய் கழுவி முடிக்கிறதுக்குள்ள அவ பாதிப் பந்தல் தெளிச்சுட்டா, இலை இலையாத் திருப்பி. பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேட்டப்புறந்தான் பாட்டில கீழ வெச்சா.