வீட்டுல தமிழ் வேண்டாம்னு சொன்னேன்

ஜூலை 14, திங்கள்

விடியறதுக்கு முன்னாடியே மழை. ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகலை. ஹடப்சர்ல ஷேர் ஆட்டோவுக்கு நின்னு புடவையெல்லாம் சேறு. வாங்க வேண்டியது: லேமினேஷன் ஷீட், உளுந்து, இவருக்கு ரெயின்கோட்.

என் ஒண்ணாங் கிளாஸுக்கு சைட் வேர்ட்ஸ் டெஸ்ட். அட்டையைக் காட்டினதும் எழுத்துக் கூட்டாம டக்குனு சொல்லணும். கம், கோ, லுக், நோ, குட்... மிதுனா ஒண்ணு விடாம சொல்லிட்டா. ஜூன்ல ஒரு வார்த்தை தெரியாத பொண்ணு! கோஆர்டினேட்டர் மேடம் எல்லார் முன்னாடியும் என்னைப் பாராட்டினாங்க. தலைகால் புரியலை எனக்கு.

முன்னெல்லாம் தனக்குத்தானே தமிழ்ல பேசிக்கிட்டே கலர் அடிப்பா. இப்ப வாயே திறக்கறதில்லை. கிளாஸ் அமைதியா இருந்தா சரின்னு நானும் விட்டுட்டேன்.

ஜூலை 16, புதன்

தூறல். கேட் டியூட்டி.

மிதுனாவைக் கூட்டிட்டுப் போக அவ அம்மா வந்தாங்க. சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம், புருஷனுக்கு இந்த மராத்தி ஊர்ல, மகர்பட்டா ஐ.டி. பார்க்ல வேலை. குழந்தை தேங்கின தண்ணியில குதிச்சா. "மிதுனா, நோ. கம். லுக்." அம்மா குடைக்குள்ள இழுத்துக்கிட்டு, "குட். கோ." அவ்வளவுதான். வேற பேச்சே இல்லை.

முதல்ல சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைச்சது. அத்தனையும் என் அட்டை வார்த்தை.

ஐயோ, ஜூன் பேரண்ட்ஸ் மீட்டிங். இந்த அம்மா என் பேரைப் பார்த்து தமிழ்னு நினைச்சு, "வீட்ல எப்படீங்க மிஸ் சொல்லிக் குடுக்கறது?"ன்னு ஆசையா கேட்டாங்க. பக்கத்துல கோஆர்டினேட்டர்; ஸ்கூல்ல இங்கிலீஷ் தவிர வேற பேச்சு காதுல விழுந்தா அவங்களுக்கு ஆகாது. என் வேலையோ இன்னும் பெர்மனென்ட் ஆகலை. தமிழே தெரியாத மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு, வீட்ல இங்கிலீஷ் மட்டும்தான், தமிழ் கூடவே கூடாதுன்னு இங்கிலீஷ்ல சொல்லி, அட்டை வார்த்தை லிஸ்ட்டைக் கையில குடுத்து அனுப்பிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

இவர்கிட்ட சொன்னேன். "அந்த அட்டையை மட்டும் வச்சு என்னோட ஒரு நாள் சண்டை போடு, பார்ப்போம்"னு சிரிக்கறார். சுருக்குனு இருந்தது.

சாயங்காலம் கேட்ல மிதுனா அம்மா. சொல்லிடணும்னு கிளம்பினேன். கோஆர்டினேட்டர் வர்றது தெரிஞ்சதும் ஏதோ மறந்த மாதிரி உள்ளே ஓடிட்டேன். வெட்கங்கெட்டவ. டீச்சராம் டீச்சர்.

கோதுமை மாவு தீர்ந்தது. உளுந்து இன்னும் வாங்கலை.

ஜூலை 18, வெள்ளி

கொட்டற மழை. கேட்டுக்கு வெளியே வடாபாவ் கடைத் தகரத்துக்கு அடியில அம்மாவும் பொண்ணும். யார் பார்த்தா என்னன்னு போயிட்டேன்.

"நான் சொன்னது தப்பும்மா. வீட்ல தமிழ்லயே பேசுங்க."

அவங்க ஆச்சரியப்படவே இல்லை. "நீங்க தமிழ்னு அன்னிக்கே தெரியுமுங்க மிஸ். மேடம் இருக்கறதால பேசலைன்னு நினைச்சுக்கிட்டேன்."

"பின்னே ஏம்மா..."

"டீச்சர் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். எனக்கு இங்கிலீஷ் வராதுங்க. லிஸ்ட்ல இருக்கறதை மட்டும் பேசிட்டிருந்தேன். படுக்கறப்ப கதை கேப்பாளுங்க. அந்த வார்த்தையை வச்சு கதை சொல்ல வரலீங்க மிஸ். விட்டுட்டேன்."

முகத்தை எங்கே வச்சுக்கறதுன்னு தெரியலை. மன்னிச்சுடுங்கன்னேன். அவங்க முந்தானையால குழந்தை தலையைத் துடைச்சுவிட்டாங்க.

"இப்பெல்லாம் தப்பித் தவறித் தமிழ் வந்துட்டா என் வாயைப் பொத்தறாளுங்க. இவகிட்ட நீங்களே சொல்லிடுங்க மிஸ்."

குனிஞ்சு, "மிதுனா, அம்மாகூட தமிழ்லயே பேசலாம் கண்ணு. தப்பே இல்லை"ன்னேன்.

குழந்தை என் வாயையே பார்த்தா. கேட் பக்கம் திரும்பிப் பார்த்தா. அம்மா கழுத்தைக் கட்டி இழுத்து, எனக்குக் கேக்காதுன்னு நினைச்சு, காதுக்குள்ள:

"அம்மா, மிஸ் தமிழ் பேசிட்டாங்க. யாருகிட்டயும் சொல்லிராத. பாவம்."