என் பெயரைத் தேடியவன்

அன்புள்ள சுன்னிவா,

நலமா? ஆட்டம் பார்த்தாயா? கடைசி நிமிடத்தில் நம் கோல்கீப்பர் மாரித் அந்தப் பெனால்டியைக் காலாலேயே தடுத்தாளே, நான் சோபாவில் ஏறி நின்று கத்தினேன்! திரும்பிப் பார்த்தால் கட்டிப்பிடிக்க ஆளில்லை. கீழ்வீட்டுக்காரர் மட்டும் கூரையைத் தட்டினார். நம் அணி ரசிகர்களின் இணையப் பக்கத்தில் நான் எதுவும் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அங்கே எழுத முடியாத விஷயம் இது.

கணவன் போல என்னோடு வாழ்ந்த ஸ்தியான் என்னை விட்டுப் போனது உனக்குத் தெரியும். இப்போது வீட்டுக்காரம்மா இந்த வீட்டை விற்கிறார். நானே வாங்குவதானால் வெள்ளிக்கிழமை வரை எனக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். வங்கியில் கடன் கேட்டேன். அங்கிருந்த பெண் மிகவும் தன்மையாக, ஒருவர் சம்பளத்துக்கு இது கட்டுப்படியாகாது, சேர்ந்து வாங்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். வாய்விட்டு அதைச் சொன்னது அன்றுதான் முதல் முறை.

வெளியே வந்து ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். நம் நாட்டில் யார் வருமானத்தையும் யாரும் பார்க்கலாம்தானே, வரித்துறையின் இணையதளத்தில் ஐவினின் பெயரைப் போட்டு அவன் வருமானத்தைப் பார்த்துவிட்டேன். மீன் ஆலையில் மதியம் என்னோடு உட்கார்ந்து ரொட்டி சாப்பிடும் ஒரே ஆள் அவன். சால்மன் அடைக்கும் இயந்திரத்தை அவனுக்குப் பழக்கியதே நான்தான். அதே ஷிப்ட், அதே இயந்திரம். அவனுக்கு டெக்னீஷியன் என்று பெயர், எனக்கு ஆபரேட்டர். அந்தப் பெயருக்கு என்னைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம் கொடுக்கிறார்கள். அது எனக்கு இருந்திருந்தால் வங்கி சரி என்றிருக்கும்.

உடனே பயம் வந்துவிட்டது. யார் பார்த்தார்கள் என்பதையும் அந்தத் தளம் அவனுக்குக் காட்டிவிடுமே! அதனால்தானே நம் ஆட்கள் யாரும் யாரையும் தேடுவதில்லை. அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க, அதே தளத்தில் என்னைத் தேடியவர்களின் பட்டியலைத் திறந்தேன். முன்பு திறந்ததே இல்லை. என்னை யார் தேடப்போகிறார்கள்? ஒரே ஒரு பெயர் இருந்தது. ஐவின். டிசம்பரில் வரிப் பட்டியல் வந்த அன்றே பார்த்திருக்கிறான்.

மறுநாள் கேட்டேன். மறுக்கவில்லை.

"உனக்குச் சம்பளம் கம்மின்னு தெரியும் இங்வில். சொன்னா நீ என்கூட உக்காரமாட்டியோன்னு இருந்துச்சு" என்றான்.

இருவருக்கும் ஒரே வேலைதான் என்று மேலாளரிடம் வந்து சொல்கிறாயா என்று கேட்டேன். மனைவிக்குப் பிரசவம் நெருங்குகிறதாம், கடன் இருக்கிறதாம்.

"என்னை இழுக்காதே. வேணும்னா உங்க கோல்கீப்பரைக் கூட்டிட்டுப் போயேன்" என்று சிரிக்கப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவன் லாரிக்காரர்களோடு சாப்பிடுகிறான். நான் ஜன்னலைப் பார்த்துச் சாப்பிடுகிறேன்.

நானே மேலாளருக்கு எழுதிக் கேட்டேன்; வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். சம்பளத்தை உயர்த்தி எழுதிக் கொடுத்தால் வங்கி மறுபடி பார்க்குமாம். தொழிற்சங்கப் பிரதிநிதி ஈஸ்டர் விடுமுறைக்கு முன்கூட்டியே மலைக்குப் போய்விட்டார். துணைக்கு யாரையாவது அழைத்து வரலாம் என்றும் மேலாளர் எழுதியிருக்கிறார். அதற்கு மட்டும் நான் இன்னும் பதில் போடவில்லை.

இத்தனை வருடத்தில் நாம் நேரில் பார்த்ததே இல்லை, இல்லையா? உன் ஊர் ட்ரோம்சோவிலிருந்து வியாழன் காலை முதல் படகு எட்டரைக்கெல்லாம் இங்கே வந்துவிடுகிறது. சும்மா சொன்னேன். உனக்கும் வேலை இருக்கும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்,
இங்வில்