கார்டில் இல்லாத வீடு

20 ஜூலை 2025, ஞாயிறு

கீழ் மண்டபத்தில் டெங்கிக் கூட்டம். இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் தயாளன், மூன்றாம் மாடி ஷரீஃபா, எட்டாம் மாடி சுப்பையா அண்ணன், அவர் மனைவி புஷ்பவள்ளி அக்கா, சுகாதார அலுவலகத்து ஃபிக்ரி. ஆறே பேர். இந்த ஜெலுத்தோங் பிளாட்டில் நூற்றிருபது வீடு!

ஃபிக்ரி தாளில் எங்கள் புளோக்குக்கு டெங்கிக் காய்ச்சல் ஒன்று. என் நோட்டில் ஒன்பது. பெயர், மாடி, காய்ச்சல் கண்ட தேதி, எந்த கிளினிக், எல்லாம் கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

"சிஸ்டத்துல ஒன்னுதான் காட்டுது அக்கா. ஒன்னுக்கு புகை அடிக்க ஆளு அனுப்ப மாட்டாங்க லா."

சுப்பையா அண்ணன் சிரித்தார். "தம்பி, நவமணி நோட்டுல கொசுவுக்கே பேரு இருக்கும். அதப் பாத்து எழுதிக்க."

எழுதிக்கொள்ளவில்லை.

22 ஜூலை

ரூபினிக்குக் காய்ச்சல், 39.4. கிளினிக்கில் அவள் ஐசி அடையாள கார்டை வாங்கி மெஷினில் செருகினார்கள். டெங்கிதான். பத்தாவது வரியில் என் மகள் பெயர்.

25 ஜூலை, ஆடி வெள்ளி

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. வீட்டில் விளக்கேற்றவில்லை. முருகா, உன்மேலும் கோபமாகத்தான் இருக்கிறேன். எழுதியே வைக்கிறேன்.

26 ஜூலை

பக்கத்து மாநிலத்துக் கூலிமிலிருந்து தம்பி புவனேஸ்வரன் போன் செய்தான்.

"அக்கா, இங்க வந்து நம்ம வீட்டச் சுத்தி புகை அடிச்சிட்டுப் போறானுங்க. ரூபினி பேரச் சொல்லி ஆளக் காட்டுன்னு கேக்குறானுங்க. கோழியெல்லாம் தும்முது!"

கூலிமிலா? அவள் அங்கே போயே எட்டு மாதம் ஆகிறது!

அப்புறம்தான் உறைத்தது. அவள் கார்டில் இன்னும் கூலிம் வீட்டு விலாசம். மெஷின் அதைத்தான் எடுத்திருக்கிறது. மாற்றலாம் என்று இவர் சொன்னபோது, "வாடகை வீட்டு விலாசத்தப் போயி கார்டுல போடுவாங்களா?" என்று கேட்டவள் யார்? நான். சமையல் கேஸ் தோம்பு மாற்றிய தேதியைக்கூட எழுதி வைக்கும் நான்!

27 ஜூலை

நோட்டோடு மாடி மாடியாக ஏறினேன். காய்ச்சல் கண்ட மற்ற ஒன்பது பேரையும் கார்டைக் காட்டச் சொன்னேன். "கார்டுலயா? எங்க அத்தா வீடுதான், பாரிட் புந்தார்," என்றாள் ஷரீஃபா. அவளுக்கும் போன மாதம் வந்து போனது. எல்லோரும் என்னைப் போலத்தான், சொந்த வீடுதான் விலாசம். இந்த பிளாட்டைப் போட்டிருந்தவர் ஒரே ஒருவர்.

சிஸ்டத்தின் அந்த ஒன்று, அவர்தான்.

28 ஜூலை

அலுவலகம் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா நோட்டைத் தொடக்கூட இல்லை, சொந்த நோட்டெல்லாம் செல்லாதாம். ஃபிக்ரியைக் கூப்பிட்டேன்.

"வேற மாநிலத்து கேஸ் எங்களுக்குத் தெரியாது அக்கா. அவங்க திருப்பி அனுப்பணும்."

"அனுப்புனாங்களா?"

தாளைப் புரட்டினான்.

"கூலிம்ல போயி ஆள் இல்லாத வீட்டுல புகை அடிச்சிருக்கீங்க. நோயாளி போன் நம்பர் தாள்லயே இருக்கில்ல? எங்கம்மா இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேக்க என்ன கேடு உங்களுக்கு?"

கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

29 ஜூலை

ரூபினிக்கு அணுக்கள் ஏறுகின்றன. கஞ்சி குடித்தாள். சுப்பையா அண்ணனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம், சாதாரணம் என்று இருந்துவிட்டார். இன்று மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில். பதினொன்று.

31 ஜூலை

சுப்பையா அண்ணன் போய்விட்டார்.

2 ஆகஸ்டு

அவர் கார்டில் தைப்பிங், மகன் வீடு. "அங்கத்து சுகாதார ஆபீஸ்லருந்து போன் பண்ணி, வீட்டச் சுத்தி தண்ணி தேங்கி நிக்குதான்னு என்னைக் கேக்குறாங்க நவமணி," என்றார் புஷ்பவள்ளி அக்கா. எட்டு மாடி ஏறி இறங்கின மனுஷன் இங்கே செத்தார். சாவும் தைப்பிங் கணக்கில். எங்கள் புளோக்கில் இன்னும் ஒன்றுதான்!

சாயங்காலம் ஃபிக்ரி தானாக வந்தான். புஷ்பவள்ளி அக்கா வாசலில் தலை குனிந்து நின்றான். பிறகு என் நோட்டைக் கேட்டான். பதினொரு வரியையும் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனான். தேநீர் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம்.

8 ஆகஸ்டு, ஆடி வெள்ளி

ரூபினி வீட்டில். விளக்கேற்றினேன்.

புதன்கிழமை ஷரீஃபா மகனுக்குக் காய்ச்சல். கிளினிக் பெண் கார்டைச் செருகும் முன், "இப்ப எங்க தங்கியிருக்கீங்க?" என்று கேட்டாளாம். ஃபிக்ரி கிளினிக்குக்குப் போன் பண்ணி அப்படிக் கேட்கச் சொல்லியிருக்கிறான். சிஸ்டத்தில் எங்கள் கணக்கு இரண்டானது, இன்று காலை எங்கள் புளோக்குக்குப் புகை வண்டி வந்தது. புஷ்பவள்ளி அக்கா கதவைத் திறக்கவில்லை.

மேலதிகாரிக்கு அனுப்பிய கடிதம், என் கணக்குக்கு இங்கேயும்:

ஐயா, ஒரு கிளினிக் கேட்கிறது, அதுவும் உங்கள் அலுவலகப் பையன் ஒருவன் வாய் வார்த்தையில். எல்லா கிளினிக்கிலும் கேட்க வேண்டும். காய்ச்சல் பாரத்தில் ஒரு வரி கூட்டுங்கள்: இந்த இரண்டு வாரம் எந்த வீட்டில் படுத்தீர்கள்? வேறு மாநிலத்துக்குப் போன பெயரை அன்றைக்கே எங்கள் பக்கத்துக்குச் சொல்லுங்கள். எங்கள் புளோக்கில் பன்னிரண்டு பேர், அதில் ஒருவர் இறந்துவிட்டார். நோட்டின் நகல் இணைத்துள்ளேன். சீக்கிரம் பதில் வேண்டும்.