ஐம்பது நிமிடம் முன்னே ஓடிய கடிகாரம்

அன்புள்ள மீட்டருக்கு,

நலம். நீயும் புது ஆலையில் நலமாகவே இருப்பாய். 'அன்புள்ள' என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதியிருக்கிறேன். நீ மீட்டர், நான் பியூஸ் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்ட பன்னிரண்டு வருடப் பழக்கம், கை தானாகப் போகிறது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

என்னை இன்னும் ஸ்டோரில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். போல்ட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிறேன். மோட்டார் கன்ட்ரோல் பெட்டிகளைத் திறக்கும் அனுமதி அட்டையைப் பிடுங்கி ஐந்து மாதம் ஆகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமினால் எது சரியில்லை என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். கேட்கத்தான் ஆள் இல்லை. பாப்பா நன்றாகப் படிக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டன. மீட்டர் சித்தி ஏன் வருவதே இல்லை என்று இரண்டு முறை கேட்டாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன். பழுது பார்க்கும்போது நாம் அப்படித்தானே செய்வோம்? எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது?

அன்று காலை ஷிப்ட் உன்னுடையது, இரண்டு மணிக்கு மேல் என்னுடையது. மூன்றாம் கன்வேயர் உன் ஷிப்டில் மூன்று முறை டிரிப் ஆகி, தானாக மின்சாரம் அறுந்து நின்றிருக்கிறது. மூன்று முறை ஆனால் ரீசெட் பட்டனைத் தொடாதே, பெட்டியைத் திறந்து காரணத்தைக் கண்டுபிடி என்பது எனக்கு நீயே சொல்லிக் கொடுத்த பாடம். ஆனால் மதியம் உனக்கு மாடியில், மேனேஜர் அறையில், பதவி உயர்வுப் பேச்சு. கன்வேயர் நின்று கிடக்கும்போது மாடி ஏறினால் நன்றாக இருக்காதே! அதனால், டிரிப் ஆனாலும் தானாக மறுபடி ஓடும்படி பெட்டியில் அமைத்துவிட்டு, ஷிப்ட் ஒப்படைக்கும் நோட்டில் 'எல்லாம் சரி' என்று எழுதிவிட்டுப் போனாய். நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். உன் கையெழுத்தை நான் என்றைக்குச் சரிபார்த்திருக்கிறேன்?

மூன்று ஐந்துக்குக் கன்வேயர் நின்றது. அங்கே அட்டைத் தாள் மடிக்கும் நம் மடிப்பு அக்கா, நின்றுவிட்டது என்று நினைத்து, சிக்கிய தாளை எடுக்கக் கையை விட்டார். அது தானாக ஓடியது. அக்காவின் இரண்டு விரல் போயிற்று.

டிரிப் ஆனதற்குக் காரணம் என்ன தெரியுமா? கேபிள் மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் உறை உரசி உரசிச் செம்பு வெளியே தெரிந்தது. எனக்குப் பதில் வந்த புது டெக்னீஷியன் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். பத்து நிமிடம்டீ! அதற்குக்கூட உனக்குப் பொறுமை இல்லை.

பெட்டியின் பதிவில், அந்த அமைப்பை மாற்றியது இரண்டு நாற்பதுக்கு என்று இருந்தது. என் ஷிப்ட். அந்தக் கடிகாரம் ஐம்பது நிமிடம் முன்னே ஓடுகிறது, உண்மையில் அது ஒன்று ஐம்பது என்று நான் விசாரணையில் கத்தினேன். "நம்ம பெட்டி நமக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடும்" என்று வருடக்கணக்காக அதைக் கேலி செய்தவள் நீதானே? அதிகாரிகள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைப் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரமும் பெட்டிக் கடிகாரமும் நொடி பிசகாமல் ஒன்றாக ஓடின. அப்போது உன்னைக் கேட்டார்கள். "எனக்குத் தெரிஞ்சு அது எப்பவும் சரியாத்தான் ஓடுச்சு சார்" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். அன்று முதல் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் அந்த அமைப்பைத் தொட்டேனோ, தொட்டது மறந்துவிட்டதோ என்று எத்தனை நாள் என்னை நானே குடைந்திருக்கிறேன், தெரியுமா?

போன வாரம் புது டெக்னீஷியன் அதே பெட்டியில் வேறு ஒரு பழுது தேடும்போது, உள்ளே யாரும் போகாத ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறார். எந்த அமைப்பை, எப்போது, யாருடைய குறியீட்டு எண் போட்டு மாற்றினார்கள் என்று அங்கே இருக்கிறது. அதை அச்செடுத்து ஸ்டோர் ஜன்னல் வழியாக நீட்டி, "அக்கா, இது உங்க நம்பர்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

இரண்டு வரிதான். இரண்டு நாற்பது, தானாக ஓடும் அமைப்பு. மூன்று முப்பத்திரண்டு, அதாவது திருத்திய பின் காட்டிய சரியான நேரம், கடிகாரம் மாற்றம். இரண்டிலும் என் எண்.

அந்த எண் என்னைத் தவிர உன் ஒருத்திக்குத்தான் தெரியும். உன் எண்ணுக்கு அமைப்பை மாற்றும் உரிமை இல்லையே என்று, போன வருடம் ஆபரேஷனுக்குப் போகுமுன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் எண்ணை உன் காதில் சொன்னேன். "பாப்பா பொறந்த தேதிதானா? இதையா இத்தனை நாள் ஒளிச்சு வச்சிருந்தே?" என்று சிரித்தாய்.

மூன்று முப்பத்திரண்டுக்கு நான் எங்கே இருந்தேன்? பெண்கள் கழிப்பறையில், தரையில் உட்கார்ந்து, கையில் இருந்த அக்காவின் ரத்தத்தைக் கழுவக்கூடத் தெம்பில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். மாடியிலிருந்து ஓடி வந்து என்னை அங்கே உட்கார வைத்தவள் நீ. "இங்கயே இரு, நான் போய்ப் பெட்டியைப் பூட்டிட்டு வந்துடறேன்" என்றாய். எனக்கு ஒன்று என்றால் ஓடி வர ஒருத்தி இருக்கிறாள் என்று உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேனே, மீட்டர்! என் கையை உதறிவிட்டு நீ போனது கடிகாரத்தைத் திருப்பவா?

முதல் தப்பை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அவசரம், பேராசை, யாருக்கும் வரும். இரண்டாவதை எப்படி யோசித்தாலும் முடியவில்லை.

வரும் பதினெட்டாம் தேதி மறு விசாரணை. என் அட்டை திரும்புமா, ஒரேயடியாகப் போகுமா என்று அன்று முடிவாகிவிடும். அந்தக் காகிதம் என்னைக் காப்பாற்றாது. கடிகாரத்தை எவ்வளவு மாற்றினார்கள் என்று அதில் இல்லை, என் எண் மட்டும்தான் இருக்கிறது. அக்காவின் விரலையும் போக்கி, கடிகாரத்தையும் திருத்தினாள் என்றுதான் படிப்பார்கள். புது டெக்னீஷியனைக் கேட்டால் மறைக்கமாட்டார், மறைக்கச் சொல்லவும் மாட்டேன். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று உலகத்திலேயே நீ ஒருத்திதான் சொல்ல முடியும். மடிப்பு அக்கா என்னைப் பார்த்தால் விரல் போன கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போகிறார். அட்டை போனால்கூடத் தாங்குவேன், அதைத் தாங்க முடியவில்லை.

ஒரு கடிதம் எழுது. எனக்கு வேண்டாம், விசாரணைக் குழுவுக்கு. உன் பதவி போகலாம். போகாது என்று நான் பொய் சொல்லமாட்டேன், நம்மில் ஒருத்தி சொன்னது போதும்.

பன்னிரண்டாம் தேதி பாப்பாவின் பிறந்தநாளுக்கு வழக்கம்போல நீ போன் செய்வாய். அவளையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். எப்போதும் போலப் பேசு, வாழ்த்து சொல்லு. அந்தத் தேதியை நீ மறக்கமாட்டாய்.

நன்றாக இரு. நிம்மதியாக இரு என்று எழுத வரவில்லை.

இன்னும் உன்,
பியூஸ்