மில்லில் பாடியவள்

திருத்தணி
3.6.2024

அன்புள்ள கல்பனா,

நலம்தானே? போனில் நான் பேசினால் பாதிதான் புரியும், அதனால் எழுதுகிறேன். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

குரலை இழந்த ஒருத்தியின் கதையாக, சொற்களே இல்லாமல், ஆபரேஷனுக்கு முன்பு நாம் ஸ்டுடியோவில் பதிவு செய்த ஓபராவை, அந்த இசை நாடகத்தை, எங்கள் ஊர் பழைய ரைஸ் மில்லில் நடத்தப்போகிறாயாமே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ. காலையில் சாதகம் செய்கிறேன். மேலே போனால்தான் உடைகிறது. சுருதியைக் குறைத்தால் பாடிவிடுவேன்.

உன்,
சுலோச்சனா


சென்னை
9.6.2024

அன்புச் சுலோ,

நீ இல்லாமலா? ஜனங்கள் மில்லுக்குள் நடந்தபடியே பார்ப்பார்கள். நெல் ஊறவைக்கும் தொட்டிக்குள் நீ வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பாய். மேலே இரும்புப் படியில் நின்று ஷாலினி என்ற புதுப் பெண் உன் பகுதியைப் பாடுவாள். இருபத்திரண்டு வயசு, அருமையான குரல். ஆனால் குரல் போனவள் நிஜமாகவே கண்ணெதிரே இருப்பதற்கு எந்த நடிப்பும் ஈடாகாது, அதனால் நீ வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

கல்பனா


திருத்தணி
14.6.2024

கல்பனா,

கடிதத்தைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர், "அங்க போய் இன்னாத்துக்கு வாயத் தொறந்துகினு குந்திருக்கணும்?" என்றார்.

வருகிறேன். கடைசிப் பகுதியை மட்டும் நான் பாட விடு. எப்படி வந்தாலும் வரட்டும்.

சுலோச்சனா


சென்னை
2.8.2024

சுலோ,

நேற்று மில்லில் கடைசிப் பகுதியில் உன் குரல் கிழிந்ததும் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. சில பேர் சிரித்தார்கள், அதுவும் வேண்டியதுதான். பெங்களூரில் கூப்பிடுகிறார்கள். வேலூரில் சிகிச்சைக்குப் போகப்போவதாகச் சொன்னாயே, அதை அக்டோபர் வரை தள்ளிவை. சரியாகிவிட்டால் அந்தக் காட்சி போய்விடும்.

அன்புடன்,
கல்பனா


திருத்தணி
20.8.2024

கல்பனா,

வேலூர் போய் வந்தோம். ஆபரேஷனில் குரல் நரம்பு அறுந்தது அறுந்ததுதான், குரல் இனி வராது என்றார் டாக்டர். தள்ளிவைக்க ஒன்றுமில்லை.

சிரித்தவர்களில் என் மகளும் ஒருத்தி. பயத்தில் சிரித்துவிட்டாளாம். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நான் பெங்களூர் வரமாட்டேன்.

சுலோச்சனா


பெங்களூர்
15.9.2024

அன்புச் சுலோ,

டாக்டர் சொன்னது கேட்டு மனசு கஷ்டமாக இருந்தது. நீ வராததில் எனக்கு வருத்தமில்லை. மில்லில் நீ பாடியதைப் பதிவு செய்து வைத்திருந்தோம். இங்கே தொட்டியைக் காலியாக விட்டு அதைப் போட்டு நடத்தினோம். நீ உட்கார்ந்திருந்ததைவிட நன்றாக இருந்தது என்று எல்லோருமே சொன்னார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கல்பனா